புண்ணியச் சாவு என்றீர்களே

"கொடுத்துவச்ச மனுசன்மா உங்கப்பா. மகாலிங்கம் மடியிலயே உசுரு போயிருக்கு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தப் புண்ணியச் சாவு?"

வாசலில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்த நேரம். சொன்னவர் காவி வேட்டி கட்டியிருந்தார், நெற்றி நிறையத் திருநீறு. சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் அம்மாகூட ஆட்டினாள். அழுது ஓய்ந்து கிடந்த எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. எட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சொல் இன்னும் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்றைக்குத் துப்பிவிடுகிறேன்.

எதைப் புண்ணியச் சாவு என்றீர்கள்? நீங்கள் ஏற்றிய கற்பூரத்தில் காடு பற்றிக்கொண்டது. அதை அணைக்க ஓடினவர் புகையில் கண் தெரியாமல் கால் இடறிப் பாறையிலிருந்து விழுந்தார். கீழே தூக்கி வருகிற வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. அதுவா புண்ணியம்? அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேர்ந்தது சாமி?

எங்கள் ஊர் மகாலிங்கம் கோயில் இருக்கிற சதுரகிரி மலையின் அடிவாரம். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மலை தெரியும். அப்பா எழுந்ததும் அந்த மலையைப் பார்த்துத்தான் கும்பிடுவார். வீட்டில் இருந்த சாமி படம் அம்மா வாங்கி மாட்டியது. "மலையே எதிர்க்க நிக்கும்போது படம் எதுக்கு?" என்பார். பக்தி இல்லாத ஆள் என்று எவரும் அவரைச் சொல்ல முடியாது. ஆடி அமாவாசைக்கு ஒரு வருஷம்கூட மலையேறத் தவறியதில்லை.

கோடைக்குத் தீக்காவல் வேலை. மாசி பிறந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நல்ல மழை ஒன்று விழுந்ததும் போதும் என்று அனுப்பிவிடுவார்கள். தினக்கூலி. சருகைக் கூட்டித் தீக்கோடு போட வேண்டும், புகை தெரிந்தால் ஓட வேண்டும், பச்சைக் குழையை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும். கையில் ஒரு அரிவாள், ஒரு தண்ணீர் பாட்டில், காலில் ரப்பர் செருப்பு. தீயோடு மல்லுக்கு நிற்க அவருக்கு இருந்தது அவ்வளவுதான்.

மற்ற மாசங்களில் கிடைத்த கூலிக்குப் போவார். ஆனால் அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த மறுநாள், யாரும் கூப்பிடாமலே, ஒரு பைசா வாங்காமலே, இரண்டு உரச்சாக்கை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சின்ன வயதில் நானும் பின்னாலேயே ஓடுவேன். தண்ணீர் பாட்டில், ஷாம்பூ பாக்கெட், சோப்பு உறை, பிஸ்கட் கவர், சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் பை. உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆசைப்பட்டு மிளா வந்து அந்தப் பையோடு சேர்த்து மெல்லும். மிளாவின் புழுக்கைக்குள் நூல் நூலாகப் பிளாஸ்டிக் இருந்ததை அப்பா குச்சியால் கிளறிக் காட்டியிருக்கிறார்.

ஒருநாள் ஓடையில் கிடந்த வேட்டி ஒன்றை இழுத்தோம். கல் சந்தில் சிக்கி, மண் ஏறி, பிணம் மாதிரி கனத்தது. தோஷம் கழியும் என்று யாரோ இடுப்பில் இருந்ததை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுப் போன வேட்டி. அதன் மடிப்புக்குள் செத்த மீன்குஞ்சுகள். அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து ஓரமாக வைத்தார். "அவன் தோசம் கழிஞ்சிருச்சு தாயி. இதுக தலையில ஏறிருச்சு" என்றார். சொல்லிவிட்டு வேட்டியைப் பிழிந்து சாக்கில் போட்டுக்கொண்டார்.

அப்படிப் போன ஒரு காலையில்தான் எனக்கு அதைக் காட்டினார். வெயில் ஏறாத நேரம், பாறை இன்னும் சில்லென்று இருந்தது. சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாறை. உதட்டில் விரல் வைத்து, என் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பாறையின் நிறத்திலேயே ஏதோ நகர்ந்தது. ஒரு விரல் நீளம் இருக்கும். தலை மட்டும் மஞ்சள் குழைத்துப் பூசினாற்போல. முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். வீட்டுப் பல்லிக்குக் கண்ணில் கோடு விழுமே, இதற்கு அப்படி இல்லை. வட்டமாக, கறுப்பு மணி வைத்த மாதிரி கண். தலையைத் தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடுக்குக்குள் போய்விட்டது. அந்த இடுக்குக்குள் பார்க்கச் சொன்னார். பாறையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு வெள்ளை முட்டைகள், பட்டாணி அளவு. கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார். "தொடாத. ஒட்டவச்ச முட்டை, பிரிச்சா ஒடஞ்சிரும்."

அதற்கு அப்பா வைத்த பேர் மஞ்சத்தலையான். "இது இந்தப் பக்கந்தான் தாயி. அங்கிட்டு இருக்க மலையெல்லாம் தேடிட்டேன், இல்ல" என்பார். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்ற மனுஷன்.

2017 பங்குனி.

அன்னதானம் போட வந்த ஒரு கூட்டம். யார், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்கள் மட்டும்தான் குற்றவாளி என்று மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவீர்கள். மஞ்சத்தலையான் இருந்த அந்தப் பாறையில் சித்தர் முகம் தெரிகிறது என்று அவர்களில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே மஞ்சள் பூசி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, அடியில் சருகை ஒதுக்கக்கூட இல்லாமல் கட்டிக் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். பங்குனிக் காற்று. சுற்றிலும் இடுப்பு உயரம் காய்ந்து நிற்கிற போதைப்புல். பற்றினதும் என்ன செய்தார்கள்? அரகரா என்று கத்தின வாயோடு கீழே ஓடி வந்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் இறங்கி ஓடிய பாதையில்தான் என் அப்பா மேலே ஏறினார்.

கூடப் போனவர் பிறகு சொன்னார். புல்லை அடித்துவிட்டு வாருங்கள், பாறை பக்கம் போக வேண்டாம் என்று இவர் கத்தியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை. குழையோடு பாறைமேல் ஏறிவிட்டார். அந்தப் பாறைமேல் எதற்கு ஏறினார் என்று கூடப் போனவருக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்குப் புரியும்.

ஒரு மாசம் கழித்து நானே போய்ப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குப் பாறை கரியேறி நின்றது. கீழே கற்பூர டப்பா உருகி ஒட்டியிருந்தது. அந்த இடுக்குக்குள் விரலை விட்டேன். அன்றைக்குத் தட்டிவிட அப்பா இல்லை. முட்டை ஓடு பொடியாகி நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று அலைந்தேன். கூப்பிட்டு வேலை வாங்கியவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வருகையில் அவர் பெயர் இல்லை, அவராகப் போயிருக்கிறார் என்றார்கள். அவராகத்தான் போனார். தீ பற்றினால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டா போவார்கள்? ஐந்து தடவை நடந்தேன். ஆறாவது தடவைக்குப் பஸ்சுக்குக் காசு இல்லை. கோடைக்குக் கோடை காட்டைக் காப்பாற்ற ஆள் வேண்டும், அந்த ஆள் செத்தால் மட்டும் அவன் யாரோவா?

அந்தக் கூட்டம் ஆடிக்கு மறுபடி வந்தது. பெரிய பேனர், மைக் செட்டு, பந்தல். பந்தியில் என் அம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டாள். யார் போட்ட சோறு என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பாதிச் சோற்றில் எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு இதுவரை தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவள், இதையும் படிக்கப் போவதில்லை.

இத்தனையையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024ல் ஒருநாள் பேப்பரில் ஒரு படம். மஞ்சள் தலை. வெளிர்நீலப் புள்ளி. அந்தக் கறுப்பு மணிக் கண். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கை நடுங்கிவிட்டது. மும்பையிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் உலகத்துக்கே புதிதான இரண்டு பல்லிகளைக் கண்டுபிடித்து, 'சூகீஸ்' என்ற அறிவியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கு வைத்த பெயர் நீமாஸ்பிஸ் வான்கோகி. வான் கோ என்ற ஓவியர் 1889ல் வரைந்த விண்மீன் இரவு ஓவியத்தில் இருக்கும் மஞ்சளும் நீலமும் இதன் உடம்பில் இருக்கிறதாம். இன்னொன்றுக்கு மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள், நீமாஸ்பிஸ் சதுரகிரியென்சிஸ். உலகம் இருக்கிற வரைக்கும் அந்தப் பல்லியின் பெயரில் சதுரகிரி இருக்கும்.

நாம் கும்பிடுகிற மலையின் பெயர் சாமி அது. தெரியுமா உங்களுக்கு?

அந்தச் செய்தியில் இன்னொன்று இருந்தது. அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. இந்தப் பல்லிகள் உச்சி மலையில், ஆள் நடமாட்டம் இல்லாத சோலைக்குள் இல்லை. 250 மீட்டரிலிருந்து 400 மீட்டர் உயரத்துக்குள், இலையுதிர் காட்டில், பாறைகளில் இருக்கின்றன. அப்படியென்றால் அடிவாரம். நாம் வண்டியை நிறுத்துகிற, சோறு பொங்குகிற, குளிக்கிற, கற்பூரம் கொளுத்துகிற அதே உயரம். காலையும் மாலையும் வெயில் தணிந்த நேரத்தில் வெளியே வருமாம். நாம் மலையேறுவதும் இறங்குவதும் அந்த நேரம்தானே? இந்தப் புலிகள் காப்பகத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத முதுகெலும்புள்ள உயிர்கள் ஏற்கெனவே ஐந்து இருந்தன, அவற்றோடு இவையும் சேர்ந்தன என்று எழுதியிருந்தது. வேறெங்கும் இல்லை. அங்கிட்டு இருக்க மலையெல்லாம் தேடிட்டேன் தாயி என்று அப்பா சொன்னதைத்தான் படித்தவர்கள் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இங்கே எரிந்தால் எல்லா இடத்திலும் எரிந்த மாதிரி. ஒரு கட்டிக் கற்பூரம் போதும், ஒரு இனத்தின் ஒரு பகுதியைச் சாம்பலாக்க.

நான் வேலை பார்ப்பது சிவகாசியில், காலண்டர் ஆபீஸில். மாதக் காலண்டருக்குப் பின்பக்கம் என்ன அச்சடித்து வருகிறது தெரியுமா? பல்லி விழும் பலன். தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது, இடது காலில் விழுந்தால் இன்னது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் என் கையால் மடித்து அடுக்குகிறேன். பல்லி சத்தம் போட்டால் விரலால் தரையைத் தட்டுகிற ஜனம் நாம். தோஷம் போக வேண்டும் என்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய், வரிசையில் நின்று, மேலே பதித்திருக்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டு வருகிறோம். தங்கத்தில் செய்தால் சாமி. உயிரோடு பாறையில் உட்கார்ந்திருந்தால்? அது பல்லி. போனால் போகிறது. இதுதானா நம் பக்தி?

சதுரகிரியில் சித்தர்கள் இன்னும் உலவுகிறார்கள் என்று நம்புகிறோம். நானும் நம்புகிறேன். பாம்பாக வருவார்கள், பூச்சியாக வருவார்கள், எந்த உருவத்திலும் வருவார்கள் என்று பெரியவர்கள் சொல்லித்தானே வளர்ந்தோம்? அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பாறையில் சித்தர் எங்கே இருந்தார்? நீங்கள் மஞ்சள் பூசின கல்லில் இருந்தாரா, அந்தக் கல்லின் இடுக்கில் மஞ்சள் தலையோடு உட்கார்ந்திருந்ததில் இருந்தாரா? யாருக்குக் கற்பூரம் காட்டினீர்கள்? யாரைக் கொளுத்தினீர்கள்? மலையேறும்போது ஸ்பீக்கரில் சிவபுராணம் போட்டுக்கொண்டு போகிறீர்களே, பூண்டாகவும் புழுவாகவும் பறவையாகவும் பிறந்து பிறந்து இளைத்ததாக மாணிக்கவாசகர் உருகுகிறாரே, அது உங்கள் காதில் விழவே இல்லையா? நீங்கள் எடுத்து வந்த பிறவியில் ஒன்று அந்தப் பாறை இடுக்கில் முட்டையாக ஒட்டியிருந்ததோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா?

மூலிகை என்று சொல்லி வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். சித்தர் பூமி மண் என்று கவரில் அள்ளுகிறீர்கள். எடுத்துப் போகிறவைதான் எத்தனை! அங்கே விட்டு வருவது மட்டும் குப்பையும் நெருப்பும்.

சட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. 1988லேயே இந்தக் காடு நரை அணிலுக்கான சரணாலயம். 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை. போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுக்குக் கீழேயே பாட்டில் கிடக்கிறது. நம் சதுரகிரிதான் இப்படி என்றும் நினைத்துவிடாதீர்கள். 2025 மே மாசம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்து செத்தது. குப்பைக் கிடங்கில் மேய்ந்து பழகிய யானை. அறுத்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக், கூடவே வயிற்றில் குட்டி. முருகன் மலை அது. விநாயகர் முகம் கொண்ட உயிர் அது. யாருக்கு இதைவிடப் பெரிய அடையாளம் வேண்டும்?

மலையைப் பூட்டிவிடுங்கள், பக்தர்களை விடாதீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்த மலையை விட்டால் எனக்கு வேறு கோயில் இல்லை. அடிவாரத்துப் பளியர்கள் எத்தனை தலைமுறையாக அந்தக் காட்டில் தேன் எடுத்துச் சாமி கும்பிட்டு இருக்கிறார்கள், அவர்களால் ஒரு இனமும் அழியவில்லையே. சாமிக்கும் காட்டுக்கும் நடுவில் சண்டை இருந்ததே இல்லை. ஊருக்கு ஊர் கோயில்காடு விட்டு, அதில் சுள்ளி ஒடித்தால்கூட அய்யனார் கேட்பார் என்று பயந்து நின்ற ஜனம்தானே நாம்? அந்தப் பயம் எப்போது போனது? பயம் போன இடத்தில் பேனரும் மைக்கும் வந்து உட்கார்ந்ததை யார் அனுமதித்தோம்? நானும்தான். அப்பா செத்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு நின்ற நானும்தான்.

பெற்ற தகப்பனை இழந்துவிட்டுப் பல்லிக்காகப் பேசுகிறாளே என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. அவர் காப்பாற்றப் போனது அதைத்தான். கூலிக்குப் போயிருந்தால் புல்லை அடித்துவிட்டு வந்திருப்பார், உயிரோடு இருந்திருப்பார். வருகை நோட்டில் பெயர் இல்லாமல், யாரும் சொல்லாமல், இரண்டு முட்டைக்காகப் பாறை ஏறினார். அதைப் பக்தி என்று நான் சொல்கிறேன். உங்களுக்கு அது என்னவாகத் தெரிகிறது?

எனக்கு இனிமேல் பணம் வேண்டாம். நோட்டில் அவர் பெயரை எழுத வேண்டாம். அந்தக் காவி வேட்டிக்காரர் வந்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

போன மாசம் அந்தப் பாறைக்குப் போயிருந்தேன். மழை விழுந்து விழுந்து கரி பாதி கரைந்திருக்கிறது. கிழக்குப் பக்கத்து இடுக்கில் ஒன்றைப் பார்த்தேன். மஞ்சள் தலை. ஒன்றே ஒன்று.

அடுத்த அமாவாசைக்கு நீங்கள் வருவீர்கள். வாருங்கள், மகாலிங்கம் எல்லோருக்கும் பொது. ஆனால் கற்பூரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் சாமி.